தானம் கொடுத்த மாட்டின் பல்
(உதவி செய்யும் கைகளைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் சொல்வது)



போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பல்லைப் பார்த்தால் வயசு தெரிந்துவிடும். ஆனால் சும்மா வந்த மாட்டை அப்படிப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது பழமொழி. கொடுத்தவர் மனசு நோகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த வார்த்தை அது. அதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் உலகத்தில் சில பேராசிரியர்கள் பல வருடங்களாக இந்தப் பல்லைத்தான் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நிவாரணம், கடன் உதவி இவற்றையெல்லாம் அரசாங்கம் கொடுக்கிறது, தொண்டு நிறுவனங்கள் கொடுக்கின்றன. கையில் துப்பாக்கி வைத்திருக்கும் குழுக்களும் கொடுக்கின்றன! அவர்கள் ஏன் கொடுக்கிறார்கள்? வாங்குகிற ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள்? கடைசியில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி.

"மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிற பையனுக்கு இது எதுக்குப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். நம்மில் பாதிப் பேர் யாரோ ஒருவர் உதவியால்தான் இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பத்தாவது தாண்டியவன் நான்தான். உதவி வாங்கிப் பழகியவனுக்குத்தான் உதவியைப் பற்றித் தெரிந்துகொள்ளும் அவசியம் அதிகம். ஆகையால் நான் படித்துத் தெரிந்துகொண்டதை எளிய முறையில் இங்கே தருகிறேன்.

மூன்று வகைக் கைகள்

முதலாவது அரசாங்கத்தின் கை. அது நம்மிடம் வரி வாங்குகிறது, சட்டப்படி செலவு செய்கிறது. கொடுக்காவிட்டால் மனு எழுதலாம், கோர்ட்டுக்குப் போகலாம், அடுத்த தேர்தலில் ஓட்டை மாற்றிப் போடலாம்.

இரண்டாவது தொண்டு நிறுவனத்தின் கை. லாபத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை. நம் மாநிலத்தில் பலவும் 1975-ம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானவை. சில டிரஸ்டாக இருக்கும். வருடா வருடம் கணக்குத் தணிக்கை உண்டு. வெளிநாட்டுப் பணம் வாங்கினால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு.

மூன்றாவது ஆயுதக் குழுவின் கை. இதற்குப் பதிவு இல்லை, தணிக்கை இல்லை. இது கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வதற்கும் யோசிக்க வேண்டும்.

தாகத்தோடு நிற்பவனுக்கு மூன்று கைகளில் இருக்கும் சொம்புத் தண்ணீரும் ஒன்றுபோலத்தான் தெரியும். விஷயமே இங்கேதான் ஆரம்பமாகிறது.

துப்பாக்கிக்காரனுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

இதற்கு மன்கூர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1993-ல் ஒரு விளக்கம் கொடுத்தார். ஊர் ஊராய்ப் போய்க் கொள்ளையடிப்பவன் ஒருவன். ஒரே ஊரில் தங்கிவிட்ட கொள்ளைக்காரன் இன்னொருவன். முதல் ஆள் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுவான். அடுத்த வருடம் அங்கே விளைச்சல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆனால் தங்கிவிட்டவன் கணக்கு வேறு. வருடா வருடம் பங்கு வேண்டுமென்றால் வருடா வருடம் விளைய வேண்டும். ஆகவே அவன் மற்ற திருடர்களை விரட்டுவான், பாதை போடுவான்.

நம் பாரூர் ஏரியை வைத்துச் சொல்கிறேன். தென்பெண்ணைத் தண்ணீர் வந்து ஏரி நிரம்பினால்தான் கீழே நெல். வழியில் வந்து ஒரு நாள் மீன் திருடுகிறவனுக்குக் கரை உடைந்தால் கவலை இல்லை. ஆயக்கட்டு முழுவதிலும் பங்கு பிடுங்க நினைப்பவன் கரையைத் தானே நின்று பூசுவான்! கரை பூசியதால் அவன் நல்லவன் ஆகிவிடவில்லை. ஆனால் கரை நிஜமாகவே பூசப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இன்னொரு விளக்கம் எலி பெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியருடையது. 2009-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவர் இதை ஒரு 'கிளப்' போல என்கிறார். வைத்தியம், படிப்பு, விதவைக்குப் பணம் எல்லாம் குழுவுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும். வெளியே அரசாங்கம் எதுவும் கொடுக்காத இடத்தில் ஒருவன் அந்தக் குழுவை விட்டு விலகினால் அவன் குடும்பமே தெருவில் நிற்கும். ஆகவே காட்டிக்கொடுக்க ஆள் வரமாட்டான். அதாவது, ஆஸ்பத்திரி வியாதியை மட்டும் குணப்படுத்தவில்லை; விசுவாசத்துக்கும் பூட்டுப் போடுகிறது.

உலகத்தில் இதற்கு உதாரணங்கள் நிறைய. 1995 ஜனவரி 17-ல் ஜப்பானின் கோபே நகரத்தில் பெரிய பூகம்பம். அரசாங்க நிவாரணம் வந்து சேரத் தாமதமானது. அந்த ஊரிலேயே தலைமையிடம் வைத்திருந்த யாமகுச்சி-குமி என்ற குற்றக் கும்பல் சாப்பாடும் தண்ணீரும் விநியோகம் செய்தது. கொலம்பியாவில் போதைப் பொருள் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபார், மெதெயின் நகரத்தில் குப்பைமேட்டில் வாழ்ந்த ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தான். 1993-ல் அவன் சுட்டுக் கொல்லப்பட்டபோது அழுதவர்கள் ஏராளம். அவனால் செத்தவர்களும் ஏராளம். லெபனானில் 2006-ல் யுத்தம் முடிந்த கையோடு, வீடு இழந்த குடும்பங்களுக்கு ஹிஸ்புல்லா இயக்கம் வாடகைக்கும் சாமான்களுக்கும் டாலர் நோட்டாகவே எண்ணிக் கொடுத்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது மெக்சிகோவில் போதைக் கும்பல்கள் பெட்டி பெட்டியாக மளிகைச் சாமான் கொடுத்ததைப் பத்திரிகைகளில் பார்த்தோம்.

எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் தெரிகிறதல்லவா? அரசாங்கம் வராத இடம் அல்லது தாமதமாக வந்த இடம்!

நம் இனத்தார் வாழ்ந்த அனுபவம்

இந்தத் துறையில் மிகவும் ஆராயப்பட்ட உதாரணங்களில் ஒன்று நமக்குத் தூரத்தில் இல்லை. அது ஈழம். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கிருந்து நம்மோடு படிக்க வருகிறவர்களும் உண்டு. அவர்களுடைய பெற்றோர் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் இந்தப் பேராசிரியர்கள் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாட்டிலேயே இரண்டு நிறுவனங்கள் பிறந்தன. 1984-ல் சா.செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஒன்று. 1985-ல் தொடங்கிய தமிழர் புனர்வாழ்வுக் கழகம் மற்றொன்று. முதலாவது, முகாம் மக்களையே தொண்டர்களாக்கிப் படிப்பு, சத்துணவு, ஆலோசனை என்று ஆயுதம் சாராத வழியில் போனது. இரண்டாவது, பின்னாளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளில் பெரிய அளவில் வேலை செய்தது. ஒரே துயரத்தில் பிறந்த இரண்டு நிறுவனங்கள் வேறு வேறு பாதையில் போனதை நாம் கவனிக்க வேண்டும்.

புலிகள் ஆண்ட பகுதியில் 1990-களின் தொடக்கத்திலேயே தனிப் போலீஸ், தனி நீதிமன்றம், தனி வங்கி எல்லாம் வந்துவிட்டன. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. கிளிநொச்சிக்கு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்க்க முடிந்தது. நார்வேயைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஸ்டோக்கே 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே சட்டம்-ஒழுங்கு அமைப்புகள் பலமாக இருக்கின்றன, நலத்திட்டங்களும் ஓரளவு இருக்கின்றன, ஆனால் ஜனநாயகப் பிரதிநிதித்துவம் பலவீனம், அதிகாரம் மேலிருந்து கீழேதான் வருகிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

சகாரியா மாம்பிள்ளி என்ற அறிஞர் 2011-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். புலிகளையும், தெற்கு சூடான், காங்கோ நாடுகளின் கிளர்ச்சிக் குழுக்களையும் அதில் ஒப்பிட்டார். அதில் நமக்கு ஆச்சரியம் தரும் விஷயம் ஒன்று உண்டு. புலிகள் கட்டுப்பாட்டிலிருந்த பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும், ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் சம்பளம் கொடுத்தது யார் தெரியுமா? கொழும்பு அரசாங்கம்! பொதுப் பரீட்சையும் அரசாங்கமே நடத்தியது. சண்டை ஒரு பக்கம், சம்பளம் ஒரு பக்கம். "அந்த ஜனங்களும் என் குடிமக்கள்தான்" என்று காட்ட அரசுக்கு அது வேண்டியிருந்தது. மேற்பார்வை செய்து பெயர் வாங்கப் புலிகளுக்கு அது வேண்டியிருந்தது. கஜானா ஒருவருடையது, அதிகாரம் இன்னொருவருடையது. இதிலிருந்து தெரிவது என்ன? ஓர் இடத்தில் சேவை நன்றாக நடந்தால், அந்த இடத்தை ஆள்பவரே முழுக்கக் கொடுத்தார் என்று அர்த்தம் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது புனர்வாழ்வுக் கழகம் வேகமாக முகாம் நடத்தியது, தற்காலிக வீடுகள் கட்டியது. நிவாரணப் பணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து நிர்வகிக்க 2005 ஜூனில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஜூலையிலேயே இலங்கை உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை நிறுத்தி வைத்தது. கடல் கொண்டுபோன வீட்டுக்கு ஓலை போடுவதிலும் யார் கையால் போடுவது என்பதே பெரிய பிரச்சினையாகிவிட்டது. 2007 நவம்பரில் அமெரிக்கக் கருவூலத் துறை, இந்தக் கழகம் புலிகளுக்குப் பணம் திரட்டும் முகப்பு என்று சொல்லி அதன் சொத்துகளை முடக்கியது. கழகத்தார் அதை மறுத்தார்கள்.

ஷான் பிளானிகன் என்ற பேராசிரியை 2008-ல் எழுதிய ஆய்வு இந்தத் தலைப்பை நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஹிஸ்புல்லாவையும் புலிகளையும் ஒப்பிட்டு, ஜனங்கள் ஒரு குழுவை ஏற்பது பல படிகளில் நடக்கிறது என்கிறார். ஒரு முனையில் கட்டாயம், இன்னொரு முனையில் மனமார்ந்த சம்மதம், நடுவில் 'வேறு வழியில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்' என்ற நிலை. சேவை என்பது ஜனங்களை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு மெதுவாக நகர்த்தும் கருவி என்பது அவர் முடிவு.

நண்பர்களே, இந்த நடுப்படியை நன்றாகக் கவனியுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "ஜனங்கள் ஆதரிக்கிறார்கள்" அல்லது "ஜனங்கள் பயப்படுகிறார்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஒரே வீட்டில், ஒரே மனசில் இரண்டும் இருக்கலாம். பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த இயக்கமே மூத்த பிள்ளையைப் படையில் சேர்க்கவும் கேட்கும். புலிகள் சிறுவர்களைப் படைக்குச் சேர்த்ததை யுனிசெப் பல வருடங்கள் பதிவு செய்திருக்கிறது. ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் வாங்க வேண்டியிருந்தது. 1990 அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சேவை 'நம்மவர்'களுக்கு மட்டும் என்றால், யார் நம்மவர் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் கொடுப்பவனிடமே போய்விடுகிறது.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த வல்லுநர் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. ஆஸ்பத்திரிகள் மீதும் அரசுப் படை குண்டு வீசியது பற்றியும், தப்பிப் போக முயன்ற மக்களைப் புலிகள் தடுத்துச் சுட்டது பற்றியும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாக அது சொன்னது. சம்பளம் கொடுத்த கையும் நிவாரணம் கொடுத்த கையும் கடைசியில் அந்த ஜனங்களைக் காப்பாற்றவில்லை. இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

நம் மாவட்டத்தில் நடந்தது

நம் பக்கமும் ஒன்றும் சும்மா இருந்ததில்லை. 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் அதிலிருந்து பிரிந்ததுதான் நம் கிருஷ்ணகிரி மாவட்டம். 1970-களின் கடைசியில் பழைய தர்மபுரி, வட ஆற்காடு மாவட்டங்களில் நக்சலைட் இளைஞர்கள் கிராமங்களுக்குள் வந்தார்கள். டீக்கடை இரட்டை டம்ளருக்கும் கந்து வட்டிக்கும் எதிராக அவர்கள் பேசியதால் கேட்க ஆள் இருந்தது. கொலைகளும் நடந்தன. 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் ஓர் இன்ஸ்பெக்டரும் சில போலீஸாரும் வெடிகுண்டில் இறந்தார்கள். அதன் பிறகு வால்டர் தேவாரம் தலைமையில் நடந்த போலீஸ் நடவடிக்கையில் பல இளைஞர்கள் 'என்கவுன்டரில்' செத்தார்கள். 2002 நவம்பரில் ஊத்தங்கரைப் பக்கம் மறுபடியும் கைது நடவடிக்கை, பொடா வழக்கு.

துப்பாக்கி எடுத்தவர்களும் போனார்கள், துப்பாக்கியோடு தேடியவர்களும் போனார்கள். வட்டி மட்டும் போகவில்லை!

1989-ல் இதே தர்மபுரி மாவட்டத்தில் வேறொரு வேலை ஆரம்பமானது. ஐ.நா.வைச் சேர்ந்த சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்குப் பிள்ளையார் சுழி போட்ட மாவட்டம் நம்முடையது என்று நாம் பெருமைப்படலாம். குழு அமைக்கத் தொண்டு நிறுவனங்கள் துணை நின்றன. திபெத்திய அகதிகளுக்காக 1968-ல் பெங்களூரில் தொடங்கிய மைராடா நிறுவனம் 1980-களின் நடுவிலேயே கர்நாடகத்தில் இப்படிப்பட்ட சிறு சேமிப்புக் குழுக்களை வளர்த்து வந்தது. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையை ஆரம்பித்தது. 1997-ல் மகளிர் திட்டம் தமிழ்நாடு முழுவதும் விரிந்தது.

எங்கம்மா ஒரு குழுவில் இருக்கிறாங்க. பத்துப் பதினைந்து பேர், வாரா வாரம் சேமிப்பு, நோட்டில் கணக்கு. எழுதத் தெரிந்த ஒருத்தர் சத்தம் போட்டுப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். எனக்கு முதல் செமஸ்டர் பீஸ் அந்தக் குழுக் கடனில் கட்டியது. அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் கடன் என்றால் பக்கத்து ஊர் பைனான்ஸ்காரர்தான். 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய் வட்டி. அவர் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்க பாட்டி செத்த ராத்திரி எந்த ஆபீசும் திறந்திருக்கவில்லை. அவர்தான் வந்து பணம் கொடுத்தார். கோயில் திருவிழாவுக்கு அன்னதானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு எல்லாம் உண்டு. தவணை தவறினால் வீட்டு வாசலில் நாலு பேர் வந்து உட்காருவதும் உண்டு. 2003-லேயே தமிழ்நாட்டில் கந்து வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. எங்கப்பாவிடம் கேட்டால், "நல்லவருதான், ஆனா அவர்கிட்ட மாட்டக் கூடாது" என்பார். பிளானிகன் சொல்லும் நடுப்படி இதுதானே!

சேவை கொடுத்தால் வன்முறை குறையுமா?

"அரசாங்கமே எல்லாம் கொடுத்துவிட்டால் ஆயுதக் குழுவிடம் யார் போவார்கள்?" என்று நமக்குத் தோன்றும். ஆராய்ச்சி முடிவுகள் அவ்வளவு நேராக இல்லை.

ஈராக்கில் அமெரிக்க ராணுவம் செய்த வளர்ச்சிப் பணிகளைப் பெர்மனும் அவர் நண்பர்களும் கணக்கெடுத்தார்கள். 2007-க்குப் பிறகு, படை வீரர்கள் மக்கள் குடியிருப்புக்குள்ளேயே தங்கிப் பாதுகாப்புக் கொடுத்த காலத்தில்தான் வன்முறை குறைந்தது தெரிந்தது. பெரிய திட்டங்களைவிட 50,000 டாலருக்கு உட்பட்ட சின்னத் திட்டங்கள் நன்றாகப் பலன் கொடுத்தன. பிலிப்பைன்ஸில் நடந்த இன்னொரு ஆய்வு 2014-ல் வந்தது. அங்கே உதவித் திட்டத்துக்குத் தேர்வான ஊர்களில் மோதல் சாவுகள் அதிகமாகின. திட்டம் வெற்றி பெற்றால் தங்கள் செல்வாக்குப் போய்விடும் என்று கிளர்ச்சிக்காரர்கள் அதைக் கெடுக்க இறங்கியதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

நம் நாட்டிலும் 2005-ம் வருடச் சட்டப்படி வந்த 100 நாள் வேலைத் திட்டத்தை வைத்து ஆய்வுகள் நடந்தன. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கிக் கட்டம் கட்டமாக விரிந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. 2017-ல் வந்த ஓர் ஆய்வு, நிர்வாகம் திறமையாக நடந்த மாநிலங்களில் மாவோயிஸ்ட் வன்முறை குறைந்தது என்றது. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வு, ஆரம்பத்தில் கொஞ்ச காலம் வன்முறை கூடியது என்றது. நம்பிக்கை வந்த மக்கள் போலீசுக்குத் தகவல் சொன்னார்கள். தகவல் சொன்னவர்கள் மீது மாவோயிஸ்ட்டுகள் பழி தீர்த்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று முழுக்க மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மெஷினை ஸ்டார்ட் செய்யும்போது கரண்ட் ஒரு தடவை ஏறித்தான் பிறகு சீராகும். ஆனால் அந்த ஏறும் நேரத்தில் அடிபடுபவர் ஏழைக் கிராமத்தார் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் மறக்கக் கூடாது.

நடுவில் மாட்டிக்கொள்ளும் தொண்டு நிறுவனம்

தொண்டு நிறுவனத்தின் நிலைமை மத்தளம் போல, இரண்டு பக்கமும் இடி. ஆயுதக் குழு ஆளும் பகுதிக்குள் மருந்து கொண்டுபோக அந்தக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கினால் "அவர்களோடு சேர்ந்துவிட்டாய்" என்பார்கள். வாங்காவிட்டால் நோயாளி சாவான்.

இதில் ஒரு சட்டப் பிரச்சினையும் உண்டு. ஒருவருக்கு நாம் அரிசி கொடுத்தால், அரிசிக்கு வைத்திருந்த பணம் மிச்சமாகி வேறு செலவுக்குப் போகும். 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை முக்கியமான காரணமாகச் சொன்னது. குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்கும் புலிகளுக்கும் சமாதான வழியில் பயிற்சியும் ஆலோசனையும் கொடுப்பது கூடக் குற்றமாகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் 6 பேர் ஒரு பக்கம், 3 பேர் எதிர்ப்பக்கம். பயிற்சிக்கே இப்படி என்றால் நிவாரணம் கொண்டு போகிறவர்கள் எவ்வளவு பயப்படுவார்கள்! அந்தப் பயத்தில் விலகிவிட்டால் அந்த இடம் மறுபடியும் துப்பாக்கிக்காரனுக்கே மிச்சம்.

தொண்டு நிறுவனம் என்பதற்காகவே எல்லாம் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. போட்டோவுக்காக உதவி செய்பவர்கள் உண்டு. நம் ஓசூர்ப் பக்கம் 2013 கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்கூடக் கழிப்பறை வந்தது, சந்தோஷம். சுவரில் கம்பெனி பெயரும் பெரிதாக வந்தது. தண்ணீர்த் தொட்டி ரிப்பேர் ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது மட்டும் சில இடங்களில் எழுதப்படவில்லை.

பல்லைப் பார்க்க ஐந்து கேள்விகள்

இவ்வளவையும் படித்த பிறகு, உதவி என்று யார் வந்தாலும் கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றிய கேள்விகளைக் கீழே தருகிறேன்.

ஒன்று: பயமில்லாமல் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா?

இரண்டு: வாங்கிய பிறகு விலகிப் போக முடியுமா?

மூன்று: கணக்கு வெளியே தெரியுமா? எங்கம்மா குழு மாதிரி சத்தமாகப் படிப்பார்களா?

நான்கு: குறை இருந்தால் கொடுத்தவரைத் தவிர வேறு யாரிடமாவது சொல்ல வழி உண்டா?

ஐந்து: பக்கத்துத் தெருக்காரனுக்கும், வேறு ஜாதி, வேறு மதத்தானுக்கும் அதே உதவி கிடைக்குமா?

ஐந்துக்கும் 'ஆம்' என்றால் அது நமக்கு உரிமை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறாக மாறுகிறது. இந்தக் கேள்விகள் துப்பாக்கிக் குழுவுக்கு மட்டும் அல்ல. அரசாங்கத்துக்கும், கட்சிக்காரருக்கும், தொண்டு நிறுவனத்துக்கும், பைனான்ஸ்காரருக்கும் பொருந்தும்.

ஒரு சின்ன ஒப்பீடு. 1969 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்தில், ஆயுதம் ஏந்திய கருஞ்சிறுத்தைக் கட்சி கறுப்பினக் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு போட்டது. போலீஸ் துறைக்கு அந்தத் துப்பாக்கியைப் போலவே அந்த இட்லிப் பானையும் பயம் கொடுத்தது என்று சொல்லலாம்! சோதனையாக மட்டும் இருந்த அரசுக் காலை உணவுத் திட்டம் 1975-ல் அங்கே நிரந்தரமானது. நம் தமிழ்நாட்டில் 1956-ல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு என்று அரசே தட்டு வைத்தது. அந்தத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். சாப்பிட்டதற்காக யாரும் என்னை எந்தக் கொடிக்கும் கீழே நிற்கச் சொல்லவில்லை. பசித்த பிள்ளைக்குச் சட்டப்படி சோறு கிடைக்கும் ஊரில், சோறு காட்டி ஆள் பிடிப்பது கஷ்டம்.

முடிவுரை

அரசாங்கம் தூங்கும் இடத்தில் யாராவது ஒருவர் விழித்துக்கொள்வார். விழித்தவர் நல்லவராக இருந்தால் அது நம் அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு சமுதாயம் வாழ முடியாது. நாளைக்கு நாமும் சிப்காட்டில் வேலைக்குப் போவோம், வரி கட்டுவோம், நாலு பேருக்கு உதவும் நிலைக்கு வருவோம். அன்றைக்கு நம் கையிலிருந்து வாங்குகிறவர் நம்மைப் பார்த்து அந்த ஐந்து கேள்விகளையும் கேட்கட்டும். கோபப்படாமல் பதில் சொல்வோம். மாட்டின் பல்லைப் பார்ப்பது கொடுத்தவரை அவமதிப்பது ஆகாது. அந்த மாட்டை நம்பி ஏர் பூட்டப்போகிறவனின் கடமை.

— இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், பாரூர்